என் பெயரைக் கேட்ட கோர்ட்

இன்று காலை ஒரு மெயில். நான் எழுதும் மெசேஜ் போர்டை நடத்தும் கம்பெனி அனுப்பியது. கோர்ட் உத்தரவு வந்ததால் என் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு நன்றி வேறு!

விஷயம் இதுதான். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டைக் கட்டிய பில்டர், நல்ல தண்ணீர் வரும் என்று சொல்லி விற்றார். வருவதோ உப்புத் தண்ணீர். அதைப் புனைபெயரில் எழுதினேன். மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டார்.

எழுதிய புதிதில் கீழே பின்னூட்டங்களில் ஒரே ஆதரவு. "விடாதீங்க, நாங்க இருக்கோம்" என்று 'நாலாவது மாடி' என்ற பெயரில் ஒருவர் தினமும் எழுதுவார். வழக்கு என்றதும் எல்லோரும் எழுதியதை அழித்துவிட்டார்கள்.

சாயங்காலம் லிஃப்டில் நாலாவது மாடி சார், கையில் தண்ணீர் கேனோடு.

"அது நீங்கதானாமே மேடம்? பில்டர் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. சூப்பரா எழுதுறீங்க."

"நீங்களும் எழுதுவீங்களே சார்?"

"ஐயோ, நானா? எனக்கு எதுக்கு மேடம் அந்தப் பேஜாரு?"

இரண்டாவது மாடியிலேயே இறங்கி, அவ்வளவு பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

குடிவந்ததிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை. முதலில் கேட்டது கோர்ட்தான்.

இந்த ப்ளாகில் பெயர் சொல்லாமல் அனானியாகவும் பின்னூட்டம் போடலாம், தெரியும். இன்று மட்டும், கோர்ட் உத்தரவு இல்லாமலே, யாராவது ஒருத்தர் சொந்தப் பெயரில் ஒரு ஹலோ சொல்லுங்களேன்.