அவருடையது ஒரு மூட்டைதான்

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது என் வேலை. கண்ணால் பார்க்காத சீலுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

ஒருநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் திரேஸ்புரம் கடற்கரையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். எதிரே ஒரு லோடு ஆட்டோவைப் போலீஸார் மடக்கியிருந்தார்கள். அதற்குள் ஒரு மூட்டை இருந்தது. பிடிக்கவும் விற்கவும் தடை உள்ள கடல் அட்டை என்னும் கடலுயிர். டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, உடைந்த படகின் பின்னாலிருந்து மேலும் மூன்று மூட்டைகளைக் காவலர்கள் இழுத்து வந்து ஆட்டோவின் பக்கத்தில் போட்டார்கள்.

"வண்டில இருந்தது என்னோடதுதான் சார். அந்த மூணும் சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் டிரைவர்.

"கள்ளனுக்குச் சத்தியம் வேறயாலே?" என்று ஒரு காவலர் சிரித்தார்.

எஸ்.ஐ. ஒரு தாளோடு கடைக்கு வந்தார். மகஜர். பொருளைக் கைப்பற்றியதை நேரில் பார்த்ததாகச் சாட்சிகள் கையெழுத்திட வேண்டிய தாள். வாசித்தேன். நான்கு மூட்டைகளும் ஆட்டோவிலிருந்து எடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்துதாம்மா. சொத்தையா எழுதிக் கேக்கேன்?" என்றார்.

டீக்கடை அண்ணாச்சியும் உள்ளிருந்து, "போட்டுட்டுப் போளா. நான் இதுல போட்டுப் போட்டே கையெழுத்து மாறிப்போச்சு, பேங்க்காரன் ஒத்துக்கிட மாட்டேங்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மூட்டைக்கும் நான்கு மூட்டைக்கும் நடுவே அந்த மனிதர் எவ்வளவு காலம் சிறையில் இருப்பார் என்பது கிடந்தது. நான் பார்த்தவை, பார்க்காதவை, பிறர் சொன்னவை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டேன்.

"மூணு மூட்டைய அந்தப் படகுக்குப் பின்னால இருந்து எடுத்ததத்தான் சார் பாத்தேன். அப்படி எழுதுங்க, போடுதேன்."

எஸ்.ஐ.யின் முகம் மாறியது. "கள்ளனுக்குப் பரிஞ்சு பேசுதியே, சொந்தமா?"

"இல்ல சார். இன்னைக்குத்தான் பாக்கேன்."

"கோர்ட்டு கோர்ட்டா அலையணும், தெரியும்லா?"

"அலையுதேன் சார்."

எஸ்.ஐ. பேனாவை அண்ணாச்சியிடம் நீட்டினார். வாங்கியவர் என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பேனாவை மெதுவாகக் கல்லாப் பெட்டிமேல் வைத்தார்.

"ஐயா, அந்த மூணும் அங்கன இருந்து வந்ததுதானே. நானும் பாத்தேன்லா."

பிறகு எஸ்.ஐ. தாளைக் கிழித்துக் காவலரிடம் கொடுத்து, "ஏலே, வேற எழுது" என்றார். புதிய தாளில் ஆட்டோவில் ஒன்று, படகின் பின்னால் மூன்று என்று இருந்தது. இருவரும் கையெழுத்திட்டோம்.

எஸ்.ஐ. சொன்னபடி நீதிமன்றத்துக்கு அலையத்தான் வேண்டியிருந்தது. பார்த்ததை அங்கேயும் சொன்னேன். ஒரு மூட்டைக்கு டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது. மற்ற மூன்றும் அவருடையவை என்று நிரூபணமாகவில்லை. வாசலில் அவர் மனைவி என்னை நிறுத்தினார். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

"செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும் தங்கச்சி. வீட்டுல நானே அவர நல்லா ஏசிட்டேன். செய்யாததையும் சுமந்திருந்தா, எம்பிள்ளைக்கு அவரு திரும்பி வாரது எப்பவோ."

தப்பே செய்யாத ஒருவருக்காக நின்றிருந்தால் இது எனக்கு இவ்வளவு நினைவில் இருந்திருக்காது. இப்போதும் யாராவது ஒருவரைக் காட்டி, 'அவன் கள்ளன்தானே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்போது, 'எத்தனை மூட்டைக்கு?' என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.