லொறி கிளம்பாத காரணம்

சவளக்கடை ஊரில் நெல்லேற்றிய எமது லொறி இன்று கிளம்ப மறுத்தது. வானம் மழைக்குக் கறுத்திருந்தது, மூட்டைகளை மூடப் படங்கும் இல்லை.

காலையில் முன்விளக்கைத் திருத்திச் சென்ற மெக்கானிக்கை மீண்டும் அழைத்தேன். தன் ஸ்பானர் பையைக் காணவில்லை என்று முணுமுணுத்தபடி வந்தார்.

“டீசல் பம்பு போய்த்து ராத்தா. கழட்டணும், மூணு நாள் செல்லும்.”

“ஸ்டொப் கேபிளப் பாத்தீங்களா?”

“பொம்புளையளுக்கு லொறி வெளங்காது. ஊட்ட போய் அடுப்புல கொதிக்கிற ஆணத்தப் பாருங்க.”

நானே ஏறிப் பார்த்தேன். இஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கும் குமிழ் முழுதாக வெளியே வந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டு தொங்கியது, காலை முதல் அவர் தேடிக்கொண்டிருந்த ஸ்பானர் பை.

பையை எடுத்துவிட்டுக் குமிழை உள்ளே தள்ளினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் உறுமியது.

“என்ட பையத் தாங்க ராத்தா.”

“ஆணம் கொதிக்கட்டும் தம்பி. இறக்கிப்போட்டுத் தாறன்.”

நெல் நனையாமல் வீடு சேர்ந்தது. பை இன்னும் என்னிடமே உள்ளது. ஆணத்தை எத்தனை நாள் கொதிக்க வைக்கலாம் என்பதை அறிந்தவர்கள் அறியத்தரவும்.