நரி என்றுதான் சொன்னேன்

தவமலர் அக்கா கனடாவுக்குப் போகவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய ஓர் அறைக்குள் இருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை!

என்னைத் தெருவில் கண்டால் நீங்கள் நல்ல பெண் என்றுதான் நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் கணவர்கூட.

அப்போது நாங்கள் லண்டனின் எட்மண்டன் பகுதியில் குடியிருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளின் வரிசை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். என் கணவருக்குப் பண்டகசாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. எங்கள் மகள் கயல் இன்னும் தவழத் தொடங்காத கைக்குழந்தை.

பக்கத்து வீடு பரமநாதன் அண்ணையுடையது. அவர் மனைவிதான் தவமலர் அக்கா. ஒரே மகள் துஷாரா. மான்செஸ்டரில் வேலை பார்த்தாள். நாங்கள் குடிவந்த புதிதில் அக்கா தோட்டத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னோடு நெடுநேரம் கதைப்பார். பிறகு அவருக்கு மனம் குழம்பத் தொடங்கியது. ஒருநாள் கொட்டும் மழையில், இரவு உடுப்போடு தெருவின் நடுவே நின்று, வருகிற கார்களை எல்லாம் மறித்து, "என்ரை பிள்ளை எங்கை?" என்று கேட்டார். தெருவே யன்னலில் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன்.

துஷாராவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சில வாரங்களில் அண்ணை எல்லோருக்கும் சொன்னார்: "மலரைக் கனடாவுக்கு அனுப்பிப் போட்டன். என்ரை அக்கா வீட்டில இருக்கிறா. ஆறுதலா இருக்கட்டும்."

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? கோயிலில் அன்னதானப் பந்தியில் முதல் ஆளாக நின்று பரிமாறுகிறவர் அவர். இந்த வீட்டை எங்களுக்குப் பிடித்துத் தந்தவரும் அவரே. அக்கா போன பின்புதான் நான் கருவுற்றேன். வலி கண்ட அன்று என்னை மருத்துவமனைக்குத் தன் காரில் கொண்டுபோனவரும் அவர்தான்.

இனி அந்த மாலையைச் சொல்ல வேண்டும்...

தை மாதம். பெய்த பனி தெருவில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாம் அணைந்தது. தெருவுக்கு அடியில் ஓடும் கேபிளில் பழுது. திருத்தி முடிக்க மறுநாள் ஆகலாம் என்று கைப்பேசியில் செய்தி வந்தது.

மின்சாரம் போனால் வெளிச்சம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். ஒலியும் போகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிரிட்ஜின் முனகல், வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் உறுமல், சுவருக்குள் எங்கோ ஓயாமல் ஓடும் இரைச்சல்... அத்தனையும் ஒரே கணத்தில் நின்றுவிட்டன. வீடு மூச்சை அடக்கிக்கொண்டு என்னைக் கவனிப்பதுபோல் இருந்தது.

எங்களுடையது மின்னடுப்பு. கொதிக்காத தண்ணீரில் பால் கரைக்க முடியுமா? கயல் பசியில் வீறிட்டாள். சிறிது நேரத்தில் வீடு விறைக்கத் தொடங்கியது. என் மூச்சு வெண்புகையாக வெளிவருவதைக் கைப்பேசி வெளிச்சத்தில் கண்டேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. பரமநாதன் அண்ணை! ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் பிளாஸ்க்.

"எங்கடை காஸ் அடுப்புத்தானே, நெருப்புக்குச்சி தட்டிக் கொளுத்தினன். இந்தாரும் தங்கச்சி, சுடுதண்ணி. முதல்ல பிள்ளைக்குப் பாலைக் கரையும்."

என் கண்கள் கலங்கிவிட்டன. அவர் டோர்ச் பிடிக்க, நான் பால் கரைத்தேன். கயல் குடித்தாள். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்:

"அக்கா எப்பிடி இருக்கிறா அண்ணை?"

"நல்லா இருக்கிறா. நேற்றும் போன் எடுத்துக் கதைச்சவ. அங்கை இதைவிடக் குளிராம்." சிரித்தார். "நான் கடைக்குப் போய் பற்றறி வாங்கிக்கொண்டு வாறன். பிள்ளையோட மேல போய்ப் போர்த்துக்கொண்டு இரும். மேலதான் கொஞ்சம் சூடு நிக்கும்."

அவருடைய கார் பனியை நெரித்துக்கொண்டு போகும் ஓசை தேய்ந்து மறைந்தது. நான் பிள்ளையையும் மிச்சப் பாலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

எங்கள் படுக்கையறையில் பழைய காலத்து நெருப்படுப்பு ஒன்று உண்டு. அதன் வாயைப் பலகையால் அடைத்து வண்ணம் பூசியிருந்தார்கள். இரு வீட்டுக்கும் பொதுவான புகைபோக்கி அது. அதையொட்டித்தான் கயலின் தொட்டில் இருந்தது. அவளை நெஞ்சோடு அணைத்துப் போர்வைக்குள் கிடந்தேன்.

முதலில் ஓர் உரசல். உள்ளங்கையால் சுவரைத் தடவுவதுபோல... மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே.

எலி என்று நினைத்தேன். கயல் பால் குடிப்பதை நிறுத்திச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினாள். பழகிய ஒன்றைப் பார்ப்பதுபோல் அவள் முகம் மலர்ந்தது!

பிறகு குரல் வந்தது.

"லைற்றைப் போட்டு விடுங்கோவன்... இருட்டா இருக்கு."

 தமிழ்! அந்த வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை; கார் போய்விட்டது. எழுந்தேன். அடைத்த பலகையில் காதை வைத்தேன். பனிக்கட்டிபோல் குளிர்ந்தது.

"அக்கா?" என்றேன். அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது? அப்படியானால், எனக்குள் எங்கேயோ முன்பே தெரிந்திருந்ததா?...

அந்தப் பக்கம் ஓசை அடங்கியது. பிறகு, என் காதுக்கு நேரே, ஒரு சாண் இடைவெளியில்:

"ஆர், பக்கத்து வீட்டுப் பிள்ளையே? உன்ரை குழந்தை பொம்பிளைப்பிள்ளை தானே? அழுகிற சத்தம் கேக்கிறனான். அவளுக்கு வயித்துக்குத்து. ஓமத்தண்ணி குடு பிள்ளை."

நான் பிள்ளை பெற்றதை அவர் கண்டதில்லை. ஆனால் அவள் பிறந்த நாள் தொட்டு ஒவ்வோர் அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன பேர் வைச்சனி?"

"கயல்... அக்கா, நீங்கள் கனடாவில எண்டெல்லோ..."

"கதவு பூட்டிக் கிடக்கு. அவர் நல்லவர் பிள்ளை, சாப்பாடு வைக்கிறவர். ஆனால் கதவைத் திறக்கிறாரில்லை. எனக்குக் குளிருது. ஆரிட்டயாவது சொல்லுறியே?"

குரலில் பித்து இல்லை. நீங்களும் நானும் பேசுவதுபோல் பேசினார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"கரண்டு வரட்டும் அக்கா. கட்டாயம் சொல்லுறன்," என்றேன்.

கரண்டு வரட்டும்! எதற்காக? கைப்பேசி என் கையில் இருந்தது. அதில் பேட்டரி குறைவு என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஓர் அழைப்புக்குத் தாராளமாகப் போதும்.

கார் திரும்பி வந்தது. சுவரின் அந்தப் பக்கம் சட்டென்று அமைதியானது. நான் கீழே போய்க் கதவைத் திறந்தேன். அண்ணை பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றைப் போட்டு மேசையில் வைத்தார். அதன் வெள்ளை ஒளியில் அவர் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, பயந்து போனீரோ? ஏதும் சத்தம் கேட்டதே?"

இப்போது கவனியுங்கள். என்ன பொய் சொல்ல வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"நரி கத்தினது அண்ணை."

அவர் விளக்கின் தலையைத் திருகி ஒளியைச் சற்றுக் குறைத்தார்.

"ஓம்," என்றார். "இந்த மாதத்தில தெருவில திரியிற நரியள் அப்பிடித்தான் கத்தும். மனுசர் அழுகிற மாதிரி இருக்கும். ஒண்டுக்கும் யோசியாதையும்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு தடித்த போர்வையைக் கொண்டுவந்து தந்தார். அது எந்தக் கட்டிலிலிருந்து வந்தது? நான் கேட்கவில்லை... அதைப் போர்த்திக்கொண்டுதான் நானும் பிள்ளையும் அன்று உறங்கினோம்.

மறுநாள் பகலில் மின்சாரம் வந்தது. பிரிட்ஜ் முனகத் தொடங்கியது. பொயிலர் உறுமியது. அந்த இரைச்சலுக்குள் சுவர் மறுபடியும் வெறும் சுவராயிற்று. கணவர் களைத்து வந்து, "எப்பிடிச் சமாளிச்சனீர்?" என்று கேட்டார். "பரமநாதன் அண்ணை உதவி செய்தவர்," என்றேன். அவ்வளவுதான்!

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நன்றிக்கடன் என்று ஒருநாள் விடை வரும். துஷாராவின் கல்யாணம் குழம்பிவிடும் என்று இன்னொரு நாள். பொலிஸ் வந்தால் எங்கள் விசாவுக்கு என்ன ஆகுமோ என்று மற்றொரு நாள். எல்லாமே உண்மை. ஆனால் இவை எவற்றிலும் அடங்காத ஒன்று உண்டு. இதுவரை நான் எழுதியதெல்லாம் இதைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காகத்தானோ என்னவோ...

மின்சாரம் வந்த அன்றிரவு கயல் வழக்கம்போல் வீறிட்டாள். நான் எழவில்லை, அத்தனை அசதி. அப்போது சுவரில் மெல்லிய தட்டல் கேட்டது. மடியில் கிடத்தி முதுகில் தட்டுவோமே, அதே சீர். தப்... தப்... தப்... கயலின் அழுகை விம்மலாகியது. விம்மல் தேய்ந்தது. பிள்ளை தூங்கிவிட்டாள்.

மறு இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும். முன்பும் அந்தத் தட்டல் இருந்திருக்க வேண்டும். கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

தொட்டிலை வேறு அறைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. சுவரோடு இன்னும் நெருக்கி வைத்தேன்! பிள்ளை அழுதால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். தட்டல் வரும். நான் தூங்கினேன். மாதக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணை துஷாராவைப் பார்க்க மான்செஸ்டர் போய்த் தங்கிவரும் நாட்களிலும் தட்டல் வந்தது. சற்று மெதுவாக, இடைவெளி விட்டு. அந்த நாட்களில் அக்காவுக்கு யார் சாப்பாடு வைத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் வருகிறது. அப்போது வரவில்லை. வரவிடவில்லை.

ஓமத்தண்ணீரும் கொடுத்தேன். அதற்கும் குணம் தெரிந்தது.

அடுத்த மாரிக் குளிரில் ஒருநாள் தட்டல் வரவில்லை. கயல் அழுது அழுது நீலம் பாரித்தாள். நான் எழுந்து, வெட்கமில்லாமல், அந்தப் பலகையில் நானே தட்டினேன். "அக்கா... அக்கா..." பதில் இல்லை. விடியற்காலையில் பக்கத்து வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றிவிட்டதாம். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அங்கே யாரும் ஏதும் கேட்டார்களா, அண்ணை என்ன பதில் சொன்னார், எனக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் ஒரு கதை வந்தது: கனடாவிலிருந்து போன கிழமைதான் சுகமில்லாமல் திரும்பி வந்தவவாம்.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் யாராவது ஏதும் நினைப்பார்கள் அல்லவா? பெட்டியில் கிடந்த முகம் வெயில் படாத கிழங்குபோல் வெளுத்திருந்தது. "கனடாக் குளிரெல்லோ," என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. நான் தலையாட்டினேன்.

துஷாரா என்னைத் தேடி வந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"அன்ரி, அம்மா கனடால இருக்கேக்க உங்களோட கதைச்சவவா? என்ரை குரல் கேட்டா அப்செட் ஆகிடுவா எண்டு அப்பா போன் தரவே இல்லை. கனடா மாமியும் அப்பிடித்தான் சொன்னவ. ஒருக்காக்கூட நான் கதைக்கேல்லை அன்ரி..."

சற்றுத் தள்ளி அண்ணை நின்றார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்களில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. நம்பிக்கை இருந்தது! என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"ஓம்," என்றேன். "கதைச்சவ."

"என்ன சொன்னவ?"

"சுகமா இருக்கிறன் எண்டு சொன்னவ. உங்களைப் பற்றித்தான் எப்பவும் கேக்கிறவ."

அவள் என் தோளில் விழுந்து கதறினாள். "தாங்க்ஸ் அன்ரி. இந்த அளவே எனக்குக் காணும்," என்றாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அண்ணை அந்த வீட்டை விற்றுவிட்டுப் போனார். நாங்கள் இல்ஃபோர்டுக்கு வந்துவிட்டோம். கயல் பள்ளிக்கூடம் போகிறாள். துஷாரா கல்யாணம் முடித்து ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாள்.

ஆண்டுதோறும் அக்காவின் திதியன்று அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். "அம்மா வேற ஏதும் சொன்னவவா அன்ரி? யோசிச்சுப் பாருங்கோ," என்பாள். நானும் யோசிப்பதுபோல் சற்று நேரம் இருந்துவிட்டு, அவள் அம்மா சொன்னதாகப் புதிதாக ஒன்றைச் சொல்வேன். சென்ற வாரமும் சொன்னேன். இந்த முறை அவள் அதைத் தன் பிள்ளைக்கும் திருப்பிச் சொல்வது போனில் எனக்குக் கேட்டது.