விலாமுள் ஒன்று குறைகிறது

முள்ளை வைத்து மீனின் நீளத்தைச் சொல்வதுதான் என் வேலை. பழைய குடியிருப்புகளைத் தோண்டும்போது கிடைக்கும் முட்கள் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வரும். நடுமுள்ளின் ஒரு கணுவை அளந்தால் போதும், முழு மீனையும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு சனிக்கிழமை மதியம், உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், காலையில் முழுசாக வறுத்துவைத்த சங்கரா மீனைப் பிய்த்து மூன்று வயது மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று இருமினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள், எச்சில் ஒழுகியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனோ தட்டிலிருந்த முட்களைக் கவரில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அவள் அழுகையை நிறுத்தித் தண்ணீரும் குடித்துவிட்டாள்.

"முள்ளு கீறியிருக்கும்மா. நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

நாளை வரை யார் உயிரோடு இருப்பது? பெஞ்சில் முட்களைப் பரப்பினேன். இடப்பக்க விலாமுட்கள் சரியாக இருந்தன. வலப்பக்கம் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன், குறைந்தது. நடுமுள்ளை வைத்து மீனைக் கணக்கிட்டு, அதிலிருந்து அந்த முள்ளையும் கணக்கிட்டேன்.

"மூணு சென்டிமீட்டர் முள்ளு ஒண்ணு காணோம் சார். இதான் என் வேலையே."

அந்த அளவுதான் அவரை அசைத்தது. வயிறு காலியாகட்டும் என்று மாலை வரை வைத்திருந்து தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க மயக்கம் கொடுத்தார்கள். மாஸ்க்கைத் தட்டிவிட்ட அவள் கைகளை அழுத்திப் பிடித்தது நான்தான். "அம்மா, வேணாம்மா" என்று கத்தினாள். எழுந்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன்.

தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து கணவர் ஓடிவந்தபோது டாக்டர் வெளியே வந்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல. கீறல்தான்."

"வலப்பக்கம் ஒண்ணு குறையுதே!" என்றேன்.

"எதுல, அந்த வறுத்த சங்கராலயா?" என்றார் கணவர். "காலைல கெளம்பும்போது உப்பு பாக்க வயித்துப்பக்கம் கொஞ்சம் பிச்சித் தின்னேனே. முள்ளு சிங்க்லதான் கெடக்கும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன், கிடந்தது. அளந்தேன். மூன்று சென்டிமீட்டர்.

அதன்பின் நான் சோற்றோடு கிட்டே போனாலே அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அப்பாதான் ஊட்டினார். நான் சமையலறையில் நின்று, அவள் மெல்லுவதைப் பயத்தோடு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் இருமினாள். ஓடினேன். என்னைக் கண்டதும், இருமலோடு இருமலாக, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.