தார் முடிவதற்குள்

எங்கள் ஜீப்பில் இடப்பக்க இருக்கைக்கு முன்னால், டேஷ்போர்டை ஒட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி உண்டு. அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வண்டி பழசாகி ஏலத்துக்குப் போன அன்று கடைசியாக ஒரு தடவை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். கம்பியின் இரண்டு முனைகளிலும் பெயின்ட் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்ந்து, வெறும் இரும்பு தெரிந்தது. அது டாக்டரம்மா பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். அந்த இடத்தை இன்னொரு தடவை துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

குடவாசல் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வைத்தியத்துக்குப் போகிற வண்டியில் நான் டிரைவர். அவர் டாக்டர். கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். என் வயதுதான் இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் நுழைந்தால் மாட்டுக்குத்தான் முதல் மரியாதை. "என்னம்மா, சாப்பிடலையாமே?" என்று பசுவிடம் விசாரித்துவிட்டு, அதே மூச்சில் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று பிடி பிடியென்று பிடிப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர்மேல் பயம். எனக்குப் பயமில்லை, எரிச்சல் இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் கியருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குட்டை லீவர். எங்கள் ஜீப் சாதாரணமாகப் பின் சக்கரம் இரண்டும் தள்ளித்தான் ஓடும். அந்த லீவரைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். கடைத்தெருவிலிருந்து மதகு வரைக்கும் தார் ரோடு. மதகைத் தாண்டினால் வாய்க்கால் கரைமேல் களிமண் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல். மதகு கண்ணில் படுவதற்கு முன்பே டாக்டரம்மா ஆரம்பித்துவிடுவார். "டிரைவர், மதகு வருது. இப்பவே போட்டுடுங்க. நேரா போயிட்டிருக்கப்ப, ஒரே வேகத்துல வச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டு மெதுவாத் தள்ளுங்க. வளைவுல வேணாம். சக்கரம் வழுக்குறப்ப வேணவே வேணாம்." ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாத மனுஷி. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்து வைத்திருந்தார்.

நானோ டிராக்டரில் வளர்ந்தவன். குறுவைக்கும் சம்பாவுக்கும் எத்தனையோ ஊர் வயல்களில் சேறடித்திருக்கிறேன். மாட்டிக்கொண்டவனுக்குத்தான் நாலு சக்கரமும் வேண்டும், ஓட்டத் தெரிந்தவனுக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி. அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில், தார் ரோட்டிலேயே அதைப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? எதிரில் வருகிற டிராக்டர்காரன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று வேறு ஒரு கூச்சம். அதனால் "சரிங்க மேடம்" என்று சொல்லி, லீவர்மேல் கையை மட்டும் வைத்து எடுத்துவிடுவேன். அவரிடம் அந்த வேலை நடக்கவில்லை. லீவர் விழும்போது காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் வரும். அவர் கம்பியைப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமலே சொல்வார்: "சத்தம் வரலையே." பிறகு வேண்டாவெறுப்பாகத் தள்ளுவேன். திரும்பி வரும்போது தார் வந்ததும், "எடுத்துடுங்க, காய்ஞ்ச ரோட்டுல சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும்" என்பார். அதற்கும் ஒரு முணுமுணுப்பு என்னிடம் தயாராக இருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் மதியம் கரையின் கடைசி வீட்டிலிருந்து போன் வந்தது. அந்த வீட்டம்மாவின் புருஷன் சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் அந்த அம்மாவும், கன்றிலிருந்து கையில் போட்டு வளர்த்த ஒரே ஒரு பசுவும்தான். தலைச்சன் ஈற்று. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறதாம். "சீக்கிரம் வாங்கம்மா, அது என்னையே பார்க்குது" என்று அந்த அம்மா அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கன்றும் போகும், தாயும் போகும் என்றார் டாக்டரம்மா. நான் வண்டியை விரட்டினேன்.

மதகுக்கு முன்னால் அவர் வழக்கம்போலச் சொன்னார். "அவசரத்துல அதெல்லாம் எதுக்குங்க மேடம், பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்படியே கரையில் ஏறினேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. ஆலமரத்தைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் வாய்க்கால் பக்கமாக மெல்ல நழுவியது. சேறடிக்கிற வயலில் கற்ற பாடம் என் காலில் இருந்தது. சேற்றில் நின்றால் வண்டி இறங்கிவிடும், மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மிதித்தேன். வயலில் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு, சக்கரம் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கரையில் கெட்டித் தரைக்கு மேலே எண்ணெய் தடவின மாதிரி ஒரு படலம்தான் இருக்கிறது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போகும். அங்கேயும் மிதிக்கிற இந்தத் தப்பு டிராக்டரில் பழகிய எங்களுக்கே வரக்கூடியது. சக்கரம் அலறிக்கொண்டு சுற்றும்போதே இடது கையால் லீவரை எட்டினேன்.

"போடாதீங்க. காலை எடுங்க."

டாக்டரம்மா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. காலை எடுத்தேன். சக்கரம் நின்றது, வண்டியும் சாய்ந்தபடி நின்றது. கண்ணாடிமேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் கம்பியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். எப்போதும் ஊரையே அதட்டுகிறவர், முன்னால் பார்த்தபடி, கோர்வையில்லாமல் சொன்னார். "முன்னாடி இருந்த ஊர்ல இதே மாதிரிக் கரைதான். அந்த டிரைவரும் சக்கரம் சுத்துறப்பவே தள்ளினாரு. முன் சக்கரம் படக்குன்னு பிடிச்சு வண்டி அப்படியே திரும்பி வாய்க்கால்ல இறங்கிருச்சு. நான் கதவு வழியா வந்துட்டேன். அவருக்கு இடுப்பு போச்சு. அப்புறம் அவர் ஸ்டியரிங்கையே பிடிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இன்னமும் பயம்தான். தினமும் பயம்தான். என்ன பண்றது, மாடு கரைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு" என்றார்.

இத்தனை நாளும் அதிகாரம் என்று நினைத்தது அதிகாரமில்லை. ஸ்டியரிங்கை நேராக்கினேன். லீவரைத் தள்ளினேன். காலுக்கடியில் 'டக்' என்றது. இரண்டாவது கியரில், மிதிக்காமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டேன். நாலு சக்கரமும் தயங்கி, பிடித்து, வண்டியைக் கரை நடுவுக்குக் கொண்டுவந்தன. "போட்டாச்சுங்க டாக்டரம்மா" என்றேன். அதுவரை அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கை கம்பியிலிருந்து இறங்கி மடிக்குப் போனது.

கொட்டிலில் பசு களைத்துப் படுத்திருந்தது. டாக்டரம்மா ஈரத் தரையிலேயே ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, மடங்கியிருந்த காலை விரலால் தேடித் தேடி நிமிர்த்தினார். பசு முக்கும்போது மட்டும் நானும் அந்த வீட்டம்மாவும் கன்றின் கால்களில் கட்டிய கயிற்றை இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, ஆனால் அசையவில்லை. டாக்டரம்மா அதன் வாயைத் துடைத்துவிட்டு ஒரு வைக்கோலை எடுத்து மூக்கில் விட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை விட்டார். கன்று தும்மியது. அந்த வீட்டம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "கிடேரிக் கன்னும்மா. அழுதது போதும், எங்களுக்குக் கொஞ்சம் டீ போடுங்க" என்று அதட்டினார் டாக்டரம்மா. பழைய குரல் வந்துவிட்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் கேட்பதற்குள் நான் போட்டுவிடுவேன். மழைக்காலம் தொடங்கும்போதே முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கிற பூட்டை மாட்டி வைத்துவிடுவேன்; அது இல்லாமல் லீவரைத் தள்ளியும் பயனில்லை. மதகுக்கு முன்னால் வண்டியை நேராக வைத்து, காலை எடுத்து, லீவரைத் தள்ளி, "போட்டாச்சுங்க டாக்டரம்மா" என்பேன். அதன்பிறகுதான் அவர் கை கம்பியை விடும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை மாற்றச் சொல்கிறவர்மேல் நமக்குக் கோபம்தான் வருகிறது. அவர் எங்கே வழுக்கினார், எதைப் பார்த்துவிட்டு வந்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பயமில்லாதவர்களைத் தைரியசாலி என்கிறோம். தினமும் பயந்துகொண்டே, தினமும் அதே கரையில் ஏறிய ஒருவரை நான் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன ஆவணியில் என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, நடக்க ஒரு கம்பு வேண்டியிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும், அந்தக் கடைசி வீட்டம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அன்று தும்மிய கன்றின் பேத்திகள் அந்தக் கொட்டிலில் இப்போது பால் கறக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாரின் சின்னக் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இப்போது கரைமேலும் தார் போட்டுவிட்டார்கள், வாய்க்கால் ஓரம் தடுப்புச் சுவர்கூட வந்துவிட்டது. வழுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மதகு தெரிந்ததும் பேச்சு நின்றது. அவர் கை முன்னால் நீண்டு, இல்லாத கம்பியைத் தேடி, கடைசியில் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டது.

வண்டியை நேராக வைத்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கியருக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இடது கையை மெல்ல முன்னால் தள்ளினேன்.

"போட்டாச்சுங்க டாக்டரம்மா."

அவர் ஜன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தார்.

"சத்தம் வரலையே" என்றார்.

பிறகு சிரித்துக்கொண்டே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.