அக்கா மடியில் இருந்த சிலிண்டர்

என் அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி டிரைவரை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். "பயப்படுறவன் வண்டியிலதான் மாப்ள ஜனங்க நம்பி ஏறுது" என்பார். தார்ச்சாலை முடிந்து, பாறையும் இடுப்பளவு காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் மேட்டுக்கு செல்போன் டவர் ஆட்களை ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. மற்ற டிரைவர்கள் வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று பயந்தார்கள். இவர் எரிந்துவிடுமோ என்று பயந்தார்.

வண்டி எங்கே நின்றாலும் முதல் காரியமாக ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். சைலன்சர் குழாயைச் சுற்றிச் சிக்கியிருக்கும் புல்லை வளைந்த கம்பி ஒன்றால் நோண்டி எடுப்பார். சூடான குழாயில் காய்ந்த புல் ஒட்டினால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்கான எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்துவைத்திருப்பது வேறு, முதுகெல்லாம் மண்ணாகத் தினமும் படுத்து எழுவது வேறு. டீக்கடையில் அவருக்கு 'புல்லுக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் அடியில் படுத்திருக்கும்போது அக்கா மேலே உட்கார்ந்திருப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் எத்தனை நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பது என்று ஒரு நாள் அவரோடு வண்டியில் போனவள், அப்புறம் வீட்டில் தங்கவே இல்லை. டிரைவர் பக்கத்து சீட் அவளுடையதாகிவிட்டது. அங்கே கால்மாட்டில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் இருக்கும். மற்றவர்கள் அதைப் பின்னால் சாமான்களுக்கு அடியில் போட்டு வைப்பார்கள். அத்தான் மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் கம்பி வளையம் அடித்து நிறுத்தியிருந்தார். ஆடாமல் இருக்க அக்கா ஒரு பழைய நீலத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

மேட்டுப் பாதையின் குலுக்கலில் சிலிண்டருக்குள் இருக்கும் தூள் அடியில் இறுகிச் சிமென்ட் மாதிரி ஆகிவிடும். வெளியே மீட்டர் முள் பச்சையில்தான் நிற்கும், உள்ளே காற்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அழுத்தினால் காற்றுதான் வரும், தூள் வராது. அதனால் அக்கா தினமும் முடிச்சை அவிழ்த்து, சிலிண்டரைத் தலைகீழாக மடியில் கிடத்தி, உள்ளங்கையால் தட்டுவாள். காதை வைத்து, தூள் சரிகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பக் கட்டுவாள்.

"என்னக்கா, குழந்தைக்கு ஏப்பம் வந்துடுச்சா?" என்று டீக்கடைக்காரர் ஒரு தடவை கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப் போனது. அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. "இவன் ஏப்பம் விட்டா உங்க கடையே வெள்ளையாயிடும். ஒழுங்கா டீ போடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜீப்புக்கு அடியிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

அந்த அக்கா ஒரு காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் அவளை அதே சீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பாதி வழியில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி வண்டி எடுத்தபோது அந்த சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை. பின்னால் ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துப் போனாலும் முன் சீட் காலியாகவே போகும். புல்லை நோண்டுவதை மட்டும் விடவில்லை. சிலிண்டரைத் தொடவில்லை. அக்கா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"எடுத்துத் தட்டி வைங்க அத்தான். உள்ள இறுகிப் போயிருக்கும்" என்றேன்.

"முள்ளு பச்சையிலதான் இருக்கு."

"பச்சையில இருந்தா மட்டும் போதாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னதே நீங்கதான்."

"அவ தட்டி வச்சது மாப்ள. அப்படியே இருக்கட்டும்."

நான் கத்திப் பார்த்தேன். புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டார். பேசிப் பேசி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

டவர் ஜெனரேட்டர் பழுதான ஒரு நாள் நானும் கூடப் போனேன். புல் மண்டிய ஏற்றம் ஒன்று வரும், நடுவில் நிறுத்த இடமே இருக்காது. பாதி ஏறும்போதே கருகல் வாடை வந்தது. அத்தான் அங்கே நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் புல்வெளியே பற்றியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றுப் பாறைவரை ஓட்டி, இன்ஜினை அணைத்து, கைபிரேக்கை இழுத்தார். "இறங்குங்க. காத்து வர்ற பக்கமா ஓடுங்க. சாமான் எதையும் எடுக்காதீங்க." குரல் உயரவே இல்லை. எல்லாரும் இறங்கி ஓடும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெருப்பு அப்போது வண்டிக்கு அடியில் ஒரு அடுப்பளவுதான் இருந்தது. ஒரு சிலிண்டர் தூள் போதும். அவர் முடிச்சில் கை வைத்தார். ஒரு கணம்தான், ஆனால் நான் பார்த்தேன். பிறகு கத்தியை எடுத்துத் துண்டை அறுத்தார். குனிந்து, நெருப்பின் அடியைப் பார்த்துப் பிடித்து அழுத்தினார்.

வெறும் காற்று சீறியது. கொஞ்சமாய் வெள்ளைப் புகை போல எதுவோ வந்து நின்றுவிட்டது.

நெருப்பு பெட்ரோல் குழாய்ப் பக்கம் ஏறியதும் நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். சிலிண்டரைப் பிடித்தபடியே வந்துவிட்டார். எரியும் வண்டிக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னவர், தானும் போகவில்லை. முன் சீட் எரிவதைத் தூரத்தில் நின்று பார்த்தார். முதலில் தலைசாயும் இடம், பிறகு முதுகு. டவர் ஆட்கள் தலையில் கை வைத்து நின்றார்கள். ஒருவர், "உசுரு தப்பிச்சதே பெரிசு, வண்டி போனா போகுது" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன்தான். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தால் அத்தான் பாறையில் உட்கார்ந்திருந்தார். காற்று தீர்ந்துபோன சிலிண்டரைத் தலைகீழாக மடியில் கிடத்தி உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா தட்டுவது மாதிரியே, மெதுவாக, விட்டு விட்டு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் தட்டினார். பிறகு உள்ளே ஏதோ உடைந்தது. மணல் போலத் தூள் சரிந்து இறங்குவது எனக்கே கேட்டது.

"இறங்கிடுச்சு மாப்ள" என்றார். "கேக்குதா?"

"கேக்குது அத்தான்" என்றேன்.

ஜீப் எரிந்துகொண்டிருந்தது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.