சர்க்கரை இல்லாத டீயும் சாம்பல் தண்ணீரும்

கான்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் எங்கள் பிளாண்டில், அவருக்குக் 'கலங்கல்' என்று பெயர் வைத்தவன் நான்தான். லாரி டிரம்களைக் கழுவுவது அவர் வேலை. கழுவிய சாம்பல் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து, சேறு அடியில் தங்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பார். புதுக் கலவைக்கு இதையே ஊற்றலாம் என்று ஆறு வருஷம் நச்சரித்து, ஒருவழியாக இன்ஜினியரைச் சம்மதிக்க வைத்தார். ஒரே ஒரு சோதனை. தேறாவிட்டால் தொட்டியை மூடிவிடுவார்கள்.

அவர் மனைவி எங்கள் லாரி டிரைவர். வீட்டில் சேற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தவர்.

தண்ணீரில் எவ்வளவு சேறு என்று அளந்து, கலந்து, அச்சில் சோதனைக் கட்டிகள் வார்த்தோம். மறுநாள் அச்சைக் கழற்றினால் களிமண்ணாகப் பிதுங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கலங்கல் துடுப்பைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

நாலு கரண்டி சர்க்கரை இல்லாமல் அவருக்கு டீ இறங்காது. வாங்க மறந்துவிட்டேன் என்று இரண்டு நாளாக மனைவி வெறும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டாராம். சர்க்கரை விழுந்தால் கான்கிரீட் இறுகாது. டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கேட்டதும் மனைவி ஒப்புக்கொண்டார். முந்தாநாள் லோடோடு அவர் லாரி நடுவழியில் படுத்துக்கொள்ள, டிரம்முக்குள் எல்லாம் கல்லாகிவிடுமே என்று, வீட்டுக்கு வாங்கிய மூன்று கிலோ சர்க்கரையையும் உள்ளே கொட்டியிருக்கிறார். டீக்காகச் சண்டை வருமே என்று மூச்சு விடவில்லை. அந்த டிரம்மைக் கழுவித் தொட்டியில் விட்டவர் சாட்சாத் நம்ம கலங்கல்.

மனைவி பெயர் கெட்டுவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மையார்தான் மறுநாள் வண்டியைக்கூட எடுக்காமல் நேரே இன்ஜினியர் மேஜை முன்னால் போய் நின்றார்.

"சார், தண்ணி மேல தப்பில்ல. சக்கரை கொட்டினது நான். திட்றதா இருந்தா என்னைத் திட்டுங்க, அவர் தொட்டிய மூடிடாதீங்க."

திட்டு தாராளமாகக் கிடைத்தது. கூடவே, தொட்டியைக் காலி செய்து புதிதாகச் சேர்த்த தண்ணீரில் இன்னொரு சோதனையும். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடும் இருபத்தெட்டாம் நாள், கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கினோம். நல்ல தண்ணீர்க் கட்டிகள் தாங்கிய பாரத்தை இவையும் தாங்கின.

அந்தத் தண்ணீரில் கலந்த முதல் லோடை ஓட்டிப்போனது அவர் மனைவிதான். கேட்டில் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"இப்பச் சிரிங்க பாப்போம்."

நான் சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பினேன். கலங்கலுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கிண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.